மூக்கால பேசற பையன், உடையாத மகரக்கட்டு: குரல் கேள்வி பதில்

கேள்வி: என் பையனுக்கு 5 வயசு. பொறக்கும்போதே அண்ணப்பிளவு, அதாவது மேல்வாய்ல பிளவு, ஒரு வயசுல ஆபரேஷன் பண்ணி மூடிட்டாங்க. ஆனா இன்னும் மூக்காலதான் பேசறான், வெளியாளுங்களுக்கு பாதி புரியறதில்ல. பலூன் ஊதச் சொல்லு, விசில் ஊதச் சொல்லுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, தினமும் ஊதறான். சரியாயிடுமா மேடம்?
- ஒரு அம்மா, ஈரோடு

பதில்: பலூனை விளையாடக் குடுங்கம்மா, வைத்தியமா வேண்டாம். ஊதும்போது அண்ணம் மூடற விதம் வேற, பேசும்போது மூடற விதம் வேற, ஒண்ணுல பழகினா இன்னொண்ணு வந்துடாது. இதை நம்பி வருஷக்கணக்கா ஊதிட்டு, ஸ்கூல்ல புள்ளைங்க கிண்டல் பண்ண ஆரம்பிச்சப்புறம் வர்ற குழந்தைங்கள பாத்தா மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு, அதான் முதல்லயே சொல்லிடறேன்.

உள்நாக்கு தொங்குதே அந்த மெத்துன்னு இருக்கற பகுதி, நாம பேசும்போது மேல எழும்பி தொண்டையோட பின்சுவத்துல ஒட்டி மூக்குக்குப் போற வழிய அடைக்கணும். ங, ஞ, ண, ந, ம, ன இந்த ஆறுக்கும்தான் அது திறந்திருக்கும். ஓட்டைய மூடியிருந்தாலும் அந்தப் பகுதி நீளம் பத்தலன்னாலோ சரியா அசையலன்னாலோ காத்து மேல போயிடும். வீட்லயே ஒண்ணு பாருங்க, 'தாத்தா தட்டுல தோசை'ன்னு அவன சொல்லச் சொல்லுங்க, அப்புறம் மூக்க லேசா பிடிச்சுக்கிட்டு மறுபடி சொல்லச் சொல்லுங்க. அதுல மூக்கெழுத்தே கிடையாது, அதனால ரெண்டு தடவையும் ஒரே மாதிரி கேக்கணும், சத்தம் மாறுச்சுன்னா காத்து கசியுதுன்னு சந்தேகப்படலாம். 'மாமா'ன்னு சொல்ல வெச்சு பாக்காதீங்க, அது யாருக்குமே மாறும்.

அடுத்து, அண்ணப்பிளவு டீம் இருக்கற ஆஸ்பத்திரில, பேசும்போதே மூக்கு வழியா கேமரா விட்டோ எக்ஸ்ரே வீடியோ எடுத்தோ எவ்வளவு இடைவெளி இருக்குன்னு பாப்பாங்க. இடைவெளி பெருசா இருந்தா எந்தப் பயிற்சியும் அத மூடாது, இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். அப்போ ஸ்பீச் தெரபி எதுக்குன்னா, இந்தக் குழந்தைங்கள்ல சிலர் வாய்ல காத்து நிக்காததால க, ட, ப எழுத்துங்கள தொண்டையிலயே வெட்டி வெட்டி சொல்லப் பழகிடுவாங்க, ஆபரேஷனுக்கு அப்புறமும் அந்தப் பழக்கம் தானா போகாது, அத மாத்தறது தெரபிதான்.

ரெண்டு விஷயம் மறக்காதீங்க. அண்ணப்பிளவு குழந்தைங்களுக்கு காதுக்குள்ள நீர் கோர்க்கறது ரொம்ப சகஜம், அதனால காது டெஸ்ட் பண்ணிடுங்க. மூக்குக்குப் பின்னாடி இருக்கற அடினாய்டு சதைய எடுக்கலாம்னு யாராவது சொன்னா அண்ணப்பிளவு டீம கேக்காம ஒத்துக்காதீங்க, சில நேரம் அந்தச் சதைதான் இடைவெளிய ஓரளவு அடைச்சிட்டு இருக்கும், எடுத்துட்டா மூக்குப்பேச்சு கூடிடும். செலவ நினைச்சு தள்ளிப் போடாதீங்க, 2013-ல வந்த ஆர்பிஎஸ்கேங்கற மத்திய அரசோட குழந்தைங்க நலத் திட்டத்துல 18 வயசு வரைக்கும் அண்ணப்பிளவுக்கு இலவசமா பாக்கறாங்க, அங்கன்வாடிலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ விசாரிங்க.

கேள்வி: தம்பி பிளஸ் டூ படிக்கறான், மீசையெல்லாம் வந்தாச்சு, மகரக்கட்டு மட்டும் உடையல, குரல் இன்னும் சின்னப் பையன் மாதிரியே இருக்கு. போன்ல பேசினா 'சொல்லுங்க மேடம்'ங்கறாங்க. இப்ப வகுப்புல வாயே திறக்கறதில்ல. ஹார்மோன் கோளாறா?
- ஒரு அக்கா, திருச்சி

பதில்: மீசை, உயரம் எல்லாம் வயசுக்கேத்த மாதிரி இருந்தா ஹார்மோனா இருக்க வாய்ப்பு கம்மி. பெரும்பாலும் குரல்வளை வளர்ந்துதான் இருக்கும், ஆனா தசைங்க அத இழுத்துப் பிடிச்சு சின்ன வயசு சுருதியிலயே பேச வைக்குது. அவன் இருமும்போதும் தொண்டைய செருமும்போதும் கவனிங்க, சத்தம் கட்டையா வந்தா கட்டைக்குரல் உள்ள இருக்குன்னு அர்த்தம். தெரபியும் அங்கருந்துதான் ஆரம்பிக்கும், அந்த செருமல்ல வர்ற சத்தத்த 'ஆ'ன்னு நீட்டி, வார்த்தையாக்கி, அப்புறம் பேச்சாக்குவாங்க. முதல்ல ஈஎன்டி டாக்டர் குரல்வளைய பாத்துடணும், அது ஓகேன்னா முக்கால்வாசி பசங்களுக்கு கொஞ்ச வாரத்துலயே மாறிடும். புதுக்குரல்ல பேச அவனுக்கே கூச்சமா இருக்கும், வீட்ல யாரும் சிரிச்சுடாதீங்க, 'இன்னொரு தடவ பேசிக் காட்டு'ன்னும் கேக்காதீங்க.

கேள்வி: டீச்சரா இருக்கேன், ரெண்டு மாசமா தொண்டை கரகரன்னு இருக்கு. வலியில்ல. கிசுகிசுன்னு பேசி சமாளிக்கறேன்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கரகரப்பு 4 வாரத்த தாண்டினாலே குரல்நாண (குரல்வளைக்குள்ள அதிர்ந்து சத்தம் குடுக்கற மடிப்பு) கேமராவுல பாத்துடணும்ங்க, நீங்க ரெண்டு மாசம் விட்டுட்டீங்க, இந்த வாரமே போங்க. டீச்சர்களுக்கு அடிக்கடி வர்றது குரல்நாண் ரெண்டுலயும் எதிரெதிரா வர்ற சின்ன முடிச்சு, அது தெரபியிலயே நல்லா குறையும், ஆனா அதுதானான்னு பாத்தாதான் தெரியும். கிசுகிசுன்னு பேசறது குரலுக்கு ஓய்வு கிடையாது, அதுலயும் தொண்டை இறுகும். மெதுவா, சாதாரண குரல்லயே பேசுங்க, வகுப்புக்கு இடுப்புல மாட்டற மைக் ஒண்ணு வாங்கிடுங்க.