சுழலும் ஒளி: கேட்டீர்கள், சொல்கிறேன்

லேசர் ஒளியைச் சுழல வைப்பது என்றால் என்ன? நடுவில் ஏன் இருட்டு?

சாதாரண லேசரின் அலைமுகம் (அலையின் ஒரே நிலையிலுள்ள புள்ளிகளை இணைக்கும் பரப்பு) தட்டையாக இருக்கும். அதைச் சுழல்படிக்கட்டு மாதிரி முறுக்கினால் சுழல் ஒளி. மையத்தைச் சுற்றி ஒவ்வொரு திசையிலும் ஒரு கட்டம் (ஃபேஸ், அதாவது அலை ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது). எல்லாம் நடுவில் சந்திக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அதனால்தான் திரையில் மெதுவடை போல ஓட்டையோடு விழுகிறது. இந்த ஒளிக்குச் சுழல் உந்தமும் உண்டு என்று 1992இல் நெதர்லாந்தின் லைடனில் ஆலன் குழுவினர் காட்டினார்கள்.

எப்படி முறுக்குவது?

எளிய வழி, சுற்றிச் சுற்றித் தடிமன் கூடும் கண்ணாடித் தகடு. 633 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு, ஒளிவிலகல் எண் 1.5 என்றால், ஒரு சுற்றுக்குப் படியின் உயரம் சுமார் 1.27 மைக்ரான். வேறு நிறத்துக்கு அந்தத் தகடு பொருந்தாது.

எனக்கு மிகவும் பிடித்தது 2006இல் நேப்பிள்ஸில் மர்ருச்சி குழுவினர் செய்த க்யூ-தகடு. இதில் தடிமன் மாறுவதே இல்லை. திரவப் படிக மூலக்கூறுகள் சாயும் திசை மட்டும் மையத்தைச் சுற்றிச் சுற்றி மாறுகிறது. வலச்சுழல் தளவிளைவு (போலரைசேஷன்தான், ஒளியின் மின்புலம் அதிரும் விதம்) உள்ள ஒளியை அனுப்பினால் ஒரு பக்கம் முறுக்கும், இடச்சுழல் அனுப்பினால் மறுபக்கம் முறுக்கும். பொருளைத் தொடாமலே திசையை மாற்றலாம்! இன்று பலவற்றில் மின்னழுத்தம் கொடுத்தும் சரிசெய்துகொள்கிறார்கள்.

மெட்டாசர்ஃபேஸும் அதுதானா, சார்?

மெட்டாசர்ஃபேஸ் என்பது நுண்ணிய அமைப்புகள் பதித்த மெல்லிய பரப்பு. நோக்கம் ஒன்று, அளவு வேறு. 2011இல் ஹார்வர்டில் கபாசோ குழுவினர் சிலிக்கான்மேல் 'வி' வடிவத் தங்க ஆன்டெனாக்களை வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொன்றும் அலைநீளத்தைவிடச் சிறியது. அதன் வடிவமே கட்டத்தைத் தீர்மானிக்கிறது.

என் சுழல் வடையாக வரவில்லை, பிறைபோல வருகிறது. தகடு கெட்டுவிட்டதா?

தகட்டைக் குறை சொல்லாதீர்கள். கற்றை மையத்தில் விழவில்லை. நானும் இரண்டு நாள் இதில் வீணாக்கியிருக்கிறேன். தகட்டை மெல்ல நகர்த்திப் பாருங்கள். இன்னொன்று, சுற்று எண் (மையத்தை ஒருமுறை சுற்றிவரும்போது கட்டம் எத்தனை முழுச்சுற்று மாறுகிறது என்பது) 2 வைத்தால் சின்னக் குறையிலும் அது இரண்டு ஒற்றைச் சுழல்களாகப் பிரிந்து, நடுவில் இரண்டு இருட்டுப் புள்ளிகள் தெரியும். அது இயல்பு.

சுற்று எண்ணை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுமா, அக்காவுக்குப் பட்ஜெட் இல்லை!

வேண்டாம் அக்கா. ஒரு குவிலென்ஸைச் சாய்த்து வையுங்கள். குவியத்துக்கு அருகே திரையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஒளித்துண்டுகள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கு நடுவிலுள்ள இருண்ட கோடுகளை எண்ணினால் அதுதான் விடை. 2013இல் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தில் காட்டிய முறை இது.