டிரிப் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். வயது 34. கார் லைசென்ஸ் ஒன்பது வருடமாக உண்டு. ஹெவி லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. லாரிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்கள். தாழையூத்தில் இருந்து சென்னைக்கு சிமெண்ட் ஏற்றும் ஓனர் ஒருவர், சம்பளமும் பேட்டாவும். தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டும் கம்பெனி. சம்பளம் குறைவு, பி.எஃப். உண்டு. புளியரை வழியாகக் கேரளாவுக்கு எம்-சாண்ட் அடிப்பவர்; நடைக்கு இவ்வளவு என்கிறார், அதில்தான் காசு அதிகம். எதில் சேரலாம்?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அவர்கள் சொன்ன தொகையை ஒரு பக்கம் வையுங்கள். போன மாதம் ஒரு டிரைவருக்குத் தீர்த்த டிரிப் கணக்குச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பேசிய சம்பளத்தில் என்னென்ன பிடிக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

முதலில் டீசல். இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 620 கி.மீ. லிட்டருக்கு 4 கி.மீ. என்று ஓனர் கணக்கு வைத்தால் 155 லிட்டர். வண்டி 3.5தான் கொடுத்தால் 177. இடையில் 22 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் இரண்டாயிரத்துக்கு மேல், அதுவும் போகிற பக்கத்துக்கு மட்டும். இதை டிரைவர் தலையில் கட்டுகிற இடங்கள் உண்டு. அந்த 4 எந்த வண்டிக்கு, லோடோடா காலியாகவா என்று கேளுங்கள். டயரில் காற்று குறைந்தாலும் ஏர் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜ் விழும். ஃபில்டர் மாற்றக் காசு தராத ஓனர் மைலேஜ் கேட்பதில் நியாயம் இல்லை.

சிமெண்டில் அடுத்த பிடித்தம் மூட்டை. ஓட்டைத் தார்ப்பாயைக் கொடுத்துவிட்டு, நனைந்து இறுகிய மூட்டைக்கு உங்களிடம் காசு பிடிப்பார்கள். ஏற்றும்போதே எண்ணி, கிழிந்ததைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ‘ராத்திரி ஏற்றி காலையில் சென்னையில் இறக்கு’ என்பவரிடம் ரெண்டாம் டிரைவர் உண்டா என்று கேளுங்கள். சராசரி 40 கி.மீ. வேகத்தில் பதினைந்தரை மணி நேர ஓட்டம் அது. சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ரசீதான இ-வே பில்லே 200 கி.மீ.க்கு ஒரு நாள் வீதம் அந்தத் தூரத்துக்கு 4 நாள் தருகிறது. அவசரம் ஓனருடையது.

எம்-சாண்டில் நடைக்குக் கூலி என்றால், ஒரு நடையில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் விஷயம். பத்துச் சக்கர வண்டிக்கு 2018 முதல் வண்டியும் லோடும் சேர்த்து மொத்த எடை 28.5 டன். அதற்கு மேல் 5 டன் இருந்தால் அபராதம் 20,000, கூடவே டன்னுக்கு 2,000, ஆக 30,000. வண்டியை ஓட்ட வைத்தவர்மீது மட்டும் இல்லை, ஓட்டியவர்மீதும் கேஸ் வரும். லோடோடு தரும் அனுமதிச் சீட்டான நடைச்சீட்டில் எழுதிய டன்னையும் எடைமேடைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அபராதத்தை விடுங்கள், ஆரியங்காவு தாண்டி தென்மலைப் பக்கம் இறங்கும்போது ஓவர்லோடு வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறி, பிறகு மிதித்தாலும் பிடிக்காது. சின்ன கியரில், எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு இறங்கப் பழகாதவர் முதல் வருடத்தில் அந்த ரூட்டுக்குப் போக வேண்டாம்.

எனக்குக் கண்டெய்னர்தான் சரியாகப் படுகிறது, இரண்டு விஷயம் ஒத்துவந்தால். பி.எஃப். பிடிப்பதாகச் சொன்னால் போதாது. இப்போது ஓட்டும் ஒருவரின் பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருக்க வேண்டும். துறைமுகக் கேட்டில் வரிசையில் நிற்கும் நாளுக்கும் பேட்டா உண்டா என்பது அடுத்தது. ஒன்று மட்டும்: கண்டெய்னரைச் சுமக்கும் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அது போகும். இரண்டு மாதம் பழைய டிரைவரோடு ஏற்றிவிடச் சொல்லுங்கள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஷெட்டில் நிற்கும் நாலைந்து வண்டி நம்பரைக் குறித்துவந்து, எம்-பரிவாகன் செயலியில் எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்று) இன்சூரன்ஸும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயர் (தேய்ந்ததில் மறுபடி ரப்பர் ஒட்டியது) மாட்டியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சேரும்போது பெரிய அட்வான்ஸ் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அதை அடைக்காமல், வேலை பிடிக்காதபோது விலக முடியாது. லைசென்ஸ் ஒரிஜினலைக் கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள்.