கேள்வி – பதில்: டேப்லெட் கணினி ஏன் 2010 வரை காத்திருந்தது?

கேள்வி: மைக்ரோசாஃப்ட் 2002-லேயே டேப்லெட் கணினியைக் கொண்டுவந்துவிட்டது என்று படித்தேன். அப்போது எடுபடாத பொருள், ஐபேட் வந்தவுடன் மட்டும் எப்படி இவ்வளவு வேகமாக விற்றது?

பதில்: நீங்கள் படித்தது சரியே. இன்னும் ஐந்தாண்டுகளில் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் கணினி வகை டேப்லெட்டாகத்தான் இருக்கும் என்று பில் கேட்ஸ் 2001-இல் கூறினார். மறு ஆண்டு நவம்பரில் விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பதிப்பும் வெளிவந்தது. ஆனால் அது அடிப்படையில் மேசைக் கணினிக்கான மென்பொருள். மவுஸின் அம்புக்குறிக்கு ஏற்ப வரையப்பட்ட சின்னஞ்சிறு பொத்தான்களை, மின்பேனாவின் முனையால் தேடித் தேடித் தொட வேண்டியிருந்தது. விலையோ சாதாரண மடிக்கணினியைவிடப் பெரும்பாலும் கூடுதல். நின்றுகொண்டே குறிப்பெழுத வேண்டிய தொழில்களில் இருந்தவர்களுக்கு அது பயன்பட்டது. வீட்டுக் கூடத்துக்குள் அது நுழையவே இல்லை.

ஆப்பிள் எதிர்த்திசையிலிருந்து வந்தது. கணினியைச் சுருக்குவதற்குப் பதிலாகச் செல்பேசியைப் பெரிதாக்கியது. ‘இது வெறும் பெரிய ஐபோன்தானே’ என்று அந்நாளில் பலர் ஏளனமாகச் சொன்னார்கள். என் கணிப்பில், வெற்றிக்குக் காரணமே அதுதான். 2007 முதல் மூன்றாண்டுகளாகத் தொடுதிரைக்குப் பழகிய விரல்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. 2008-இல் தொடங்கிய ஆப் ஸ்டோரின் செயலிகளில் மிகப் பெரும்பாலானவை முதல் நாளிலேயே இதிலும் இயங்கின. எடை 680 கிராம், ஒருமுறை மின்னேற்றினால் 10 மணி நேரப் பயன்பாடு, தொடக்க விலை 499 டாலர் (ஆயிரம் டாலர் வரை போகும் என்றுகூட அதற்கு முன் பேச்சு இருந்தது). 2010 ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபேட், முதல் நாளில் 3 லட்சம், 28 நாள்களில் 10 லட்சம் என விற்று, ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடியை எட்டியது.

கேள்வி: அப்படியானால் அது டேப்லெட் என்ற வகையின் வெற்றியா, ஐபேடின் வெற்றி மட்டுமா?

பதில்: முதல் ஓராண்டைப் பொறுத்தவரை ஐபேடின் வெற்றி என்றே சொல்வேன். 2011 பிப்ரவரியில் வந்த மோட்டோரோலா ஜூம், ஏறத்தாழ 800 டாலர் விலையோடும், பெரிய திரைக்கென எழுதப்பட்ட செயலிகள் மிகச் சிலவற்றோடும் களமிறங்கித் திணறியது. அதே ஆண்டு ஜூலையில் எச்.பி. வெளியிட்ட டச்பேட் இன்னும் பரிதாபம்: ஏழு வாரங்களில் நிறுவனமே அதைக் கைவிட்டது. ஆனால் மிஞ்சிய சரக்கை 99 டாலருக்குத் தள்ளிவிட்டபோது, மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். டேப்லெட் மீதான ஆசை பரவலாகவே இருந்தது. செயலிகள் இல்லாத ஒன்றுக்கு ஐபேடின் விலையைக் கொடுக்கத்தான் எவரும் முன்வரவில்லை. இதைச் சரியாகக் கணக்கிட்டது அமேசான். 2011 நவம்பரில் வந்த கிண்டில் ஃபயரின் விலை 199 டாலர். கருவியில் லாபம் பார்க்காமல், அதன் வழியே விற்கும் மின்நூல்களிலும் திரைப்படங்களிலும் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் திட்டம். டேப்லெட்டை ஒரு தனி வகை என்று பேசத் தொடங்கியதற்குப் பொருத்தமான நாள் எது என்று கேட்டால், நான் அந்த நவம்பரைத்தான் காட்டுவேன்.