மீன்பிடித் தடைக்காலம், மனைவியின் சம்பாத்தியம்: உங்கள் கேள்விக்குப் பதில்

தம்பி, தடைக்காலத்தில் மனைவி மீன் விற்று வரும் காசில் வீடு ஓடுவது அவமானமாக இருக்கிறது, அதனால் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பாம்பன், மண்டபம் எங்கும் விசைப்படகு போகாது. இதில் உங்கள் கையாலாகாத்தனம் எங்கே வந்தது? ‘ஆம்பளைன்னா சம்பாதிக்கணும், கடனைப் பத்தி வீட்டுல மூச்சு விடக்கூடாது’ என்று நம்மை வளர்த்த வளர்ப்புதான் உங்கள் வாயைக் கட்டுகிறது. உங்கள் மனைவியோ விடியுமுன் நாட்டுப்படகு மீனை ஏலம் எடுத்து, ஐஸ் தண்ணி தோளில் சொட்டச் சொட்டக் கூடை சுமக்கிறார். வீடு வந்தால் நீங்கள் உம்மென்று இருக்கிறீர்கள். கோபம் என்றுதானே நினைப்பார்? இன்று ராத்திரியே படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், காலையில் உலையை நீங்கள் வையுங்கள். தெருவில் சிரிப்பவர்களா உங்கள் கடனைக் கட்டப்போகிறார்கள்?