ஜப்பான் பேய்ப்படங்கள் ஏன் இங்கிலீஷ் படங்கள் மாதிரி இல்லாமல் சப்பென்று இருக்கின்றன?

நீங்கள் முதலில் அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு ஜப்பான் பக்கம் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'சப்பென்று' என்று நீங்கள் கேட்டது உறுத்தியது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் சித்தி மகனும் இதையேதான் சொன்னான். கோர் வெர்பின்ஸ்கியின் 'தி ரிங்' (2002) அவனுக்கு மனப்பாடம். அதன் மூலமான ஹிதேயோ நகாதாவின் 'ரிங்கு'வை (1998) ஒரு ராத்திரி போட்டுக் காட்டினேன். பாதியிலேயே "எப்பக்கா பேய் வரும்?" என்று நச்சரித்தான். அந்தப் படத்தின் பேயான சதாகோ டிவிக்குள்ளிருந்து தவழ்ந்து வந்ததும் பேச்சையே காணோம். நகம் போன விரல்கள், முடிக்கு நடுவே ஒற்றைக் கண், அவ்வளவுதான். முகத்தைக் காட்டவே மாட்டார்கள். நடிகையைப் பின்னால் நடக்கவிட்டு எடுத்து, அதைப் பின்னிலிருந்து முன்னாக ஓட்டியதால்தான் அந்த நடை வயிற்றைப் பிசைகிறது. அமெரிக்கப் படத்தின் பேயான சமாராவின் முகத்தையோ நன்றாகவே காட்டிவிடுவார்கள்.

அமெரிக்கப் படங்களில் பேய் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் தீமை. 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) மாதிரி யாராவது வந்து விரட்ட வேண்டும். ஜப்பானில் அது அநியாயமாகச் செத்த பெண்ணின் ஆற்றாமை. 1825-ல் மேடையேறிய 'யோட்சுயா கைதான்' என்ற கபுகி (ஜப்பானிய மரபு மேடை) நாடகத்தில் விஷத்தால் முகம் சிதைந்து, புருஷனின் துரோகத்துக்குப் பலியாகிச் சாகும் ஒய்வா என்ற பெண்ணின் வாரிசுதான் சதாகோ. விரித்த கூந்தலும் பிணத்துக்கு உடுத்தும் வெள்ளையும் அந்த மரபில் வந்தவை. அந்தக் கதையை நடிப்பவர்கள் தோக்கியோவில் ஒய்வாவுக்கு இருக்கும் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தொடங்குவது இன்றும் வழக்கம்.

முடிவைப் பாருங்கள். 'ரிங்கு', 'தி ரிங்' இரண்டிலும் ஒரு சபிக்கப்பட்ட வீடியோ கேசட்டைப் பார்ப்பவர் ஏழு நாளில் செத்துப்போவார்; அதைப் பிரதி எடுத்து வேறொருவருக்குக் காட்டினால்தான், அதைப் பார்த்துவிட்ட கதாநாயகியின் பிள்ளை பிழைக்கும். அமெரிக்கப் படத்தில் 'பார்க்கிறவருக்கு என்ன ஆகும்?' என்று பையன் கேட்பதோடு சரி, அந்த ஆள் யாரென்று தெரியாது. ஜப்பான் படத்தில் அந்தத் தாய் கேசட்டோடு காரில் கிளம்புவது தன் சொந்த அப்பாவிடம். இதில் என்ன சப்பென்று இருக்கிறது?

உடனே 'ஆடிஷன்' (1999) ஜப்பான் படம்தானே, அதில் இல்லாத கொடூரமா என்று சண்டைக்கு வராதீர்கள். உண்டுதான். எதையுமே காட்டாமல் நடுங்கவைத்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'டும் (1999) அமெரிக்கப் படம்தான். நான் சொல்வது பொதுவான போக்கை.

அப்புறம் ஒன்று. அன்றைக்கு 'ரிங்கு'வின் முடிவில் அந்தக் கார் ஆளில்லாத சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, படத்தை மூலையில் சுருக்கிவிட்டு அடுத்த படத்தின் விளம்பரத்தைத் திரை முழுக்கப் போட்டது நாங்கள் படம் பார்த்த ஆப். காசு கட்டித்தான் பார்க்கிறோம். கடைசி ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய படத்துக்கு இதைச் செய்தால் எப்படி? இதை அணைத்துவைக்க வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.