19 வருசத்து முறுக்குற வாஷிங் மெசினைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். பள்ளத்தூர்ல எங்க வீடு, நான் வேலைக்காக கோயமுத்தூர்ல இருக்கேன், ஆத்தா மட்டும் ஊர்ல. வீட்ல இருக்கறது 19 வருசத்துக்கு முன்னாடி வாங்குன ரெண்டு தொட்டி செமி ஆட்டோமேட்டிக். பத்து நாளா துவைக்கிற பக்கம் முறுக்கி விட்டா 'ம்ம்ம்'னு சத்தம் மட்டும் வருது, சுத்த மாட்டேங்குது. கடையில கேட்டா இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வராது, புதுசு வாங்கிருங்கன்னு சொல்றாங்க. நானும் ஒரு ஃப்ரன்ட் லோட் அனுப்பலாம்னு பார்த்தா, ஆத்தா எனக்கு முறுக்குற மெசின்தான் வேணும்னு ஒரே பிடிவாதம். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, ஆத்தா சொல்றதுதான் சரி. காரைக்குடியில 28 வருசமா இதே வேலைதான் பாக்குறேன், பழைய மெசின் மேல உள்ள பாசத்துல சொல்லல, உங்க வீட்டுக்கும் உங்க ஊர் தண்ணிக்கும் எது ஒத்து வரும்னு யோசிச்சுத்தான் சொல்றேன். மொதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, உங்க மெசின் சாகல. அந்த 'ம்ம்ம்' சத்தமே மோட்டாருக்கு கரண்ட் போகுதுங்கறதுக்கு சாட்சி.

நம்ம வீட்டு சிங்கிள் பேஸ் கரண்ட் மட்டும் குடுத்தா அந்த மோட்டார் தானா கெளம்பாது. உள்ள ரெண்டு வைண்டிங் இருக்கும், ஒண்ணுக்குப் போற கரண்டை கொஞ்சம் முன்ன பின்ன தள்ளி விட்டாத்தான் சுத்த ஆரம்பிக்கும், அந்தத் தள்ளி விடுற வேலையைப் பாக்கறதுதான் கப்பாசிட்டர், எங்க ஆளுங்க கன்டென்சர்னு சொல்வோம். அது வருசக் கணக்குல சூடேறி சூடேறி பலம் கொறைஞ்சு போகும், அப்ப மோட்டார் முனகும், கெளம்பாது. பிளக்கைக் கழட்டி வச்சுட்டு, ஆத்தாவை தொட்டிக்குள்ள அடியில இருக்க அந்த சுத்துற தட்டைக் கையால திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. லேசா சுத்துனா 10க்கு 8 தடவை கன்டென்சர்தான். இறுக்கமா இருந்தா தட்டுக்கு அடியில காசோ ஹேர்பின்னோ சாக்ஸோ போய் மாட்டியிருக்கும், இல்ல கியர்பாக்ஸ் பிடிச்சிருக்கும். கன்டென்சர் 200 ரூபாய்க்குள்ள முடியற சாமான், அது மேல எழுதியிருக்க அளவு என்னவோ அதே அளவு போடணும், பெருசா போட்டா வேகமா சுத்தும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, வைண்டிங் கருகிப் போகும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், சுத்தாம முனகுற மெசினை திரும்பத் திரும்ப முறுக்கிப் பாக்க வேண்டாம்னு ஆத்தாகிட்ட இன்னிக்கே போன் போட்டு சொல்லிருங்க. நின்ன எடத்துல கரண்ட் ஓடுனா மோட்டார் எரிஞ்சுரும், 200 ரூபாயில முடியறது ஆயிரக்கணக்குல போய் நிக்கும். பின்பக்க மூடியை வீட்டு ஆளுங்க யாரும் தொறக்க வேண்டாம், பிளக்கைப் புடுங்குன பிறகும் கன்டென்சர்ல கரண்ட் தங்கியிருக்கும்.

பார்ட்ஸ் வராதுன்னு கடையில சொன்னதை நம்பாதீங்க. பெல்ட், கன்டென்சர், டைமர், பிரேக் ஒயர், தண்ணி போற வால்வு ரப்பர், ஸ்பின் பக்கத்துல தண்ணி ஒழுகாம தடுக்கற பெல்லோ ரப்பர், இதெல்லாம் கிட்டத்தட்ட எல்லா கம்பெனி ரெட்டைத் தொட்டி மெசினுக்கும் ஒரே மாதிரி அமைப்புதான், ஒண்ணு ரெண்டு அளவு மாறும், அம்புட்டுதான். காரைக்குடி கடைகள்லயே கெடைக்கும், இல்லாட்டி மதுரையில இருந்து மறுநாள் பஸ்ல வந்துரும்.

ஆத்தா முறுக்குற அந்த டைமரை நீங்க ஒரு தடவை உள்ளங்கையில வச்சுப் பாக்கணும் தம்பி. தீப்பெட்டி ரெண்டை ஒட்டி வச்ச அளவுதான் இருக்கும். உள்ள பழைய அலாரம் கடிகாரத்துல இருக்கற மாதிரி ஒரு சுருள் ஸ்பிரிங், அதுல இருந்து வரிசையா பல்சக்கரம், கடைசியில மேடு பள்ளமா வெட்டுன ஒரு சின்ன சக்கரம். முறுக்கும்போது ஸ்பிரிங் ஏறும், விட்டதும் கிர்ர்ருன்னு மெதுவா அவுந்துக்கிட்டே வரும், அந்த மேடு பள்ளம் ரெண்டு பித்தளைத் தகட்டை மாத்தி மாத்தித் தொட வைக்கும், ஒரு தகடு தொட்டா மோட்டார் இந்தப் பக்கம், நடுவுல நிக்கும், இன்னொரு தகடு தொட்டா அந்தப் பக்கம். இதுக்கு கரண்டே தேவையில்ல, வோல்டேஜ் ஏறுனா என்ன எறங்குனா என்ன, அது பாட்டுக்கு ஓடும். உங்க மெசின் ஒரு பக்கம் மட்டும் சுத்தி மறுபக்கம் சுத்தாம இருந்தா அப்ப அந்தத் தகடுதான் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், டைமரை மாத்துனா சரியாப் போச்சு. கேட்டு, தொட்டு, பாத்து கண்டுபிடிக்கிற மெசின் இது. ஆத்தாவுக்கே இந்த சத்தம் மாறுனா தெரியும், 19 வருசமா அதைக் கேட்டவங்க.

இப்ப புதுசைப் பாப்போம். போன மழைக்காலத்துல கானாடுகாத்தான்ல ஒரு வீட்டுக்குப் போனேன், வாங்கி அஞ்சு வருசம்கூட ஆகாத மெசின், பட்டன் எதை அமுக்கினாலும் உசிரே இல்ல. தொறந்து பாத்தா மெசினை நடத்துற எலக்ட்ரானிக் போர்டு மேல ஒரு பல்லி குறுக்கால கெடந்து கருகியிருக்கு, அதுகூட நாலஞ்சு சாமானும் எரிஞ்சிருக்கு. தனித்தனியா கழட்டி மாத்தலாம்னா போர்டு பூராவும் ஜெல் மாதிரி ஒண்ணை ஊத்தி மூடியிருக்கு, ஈரம் போகாம இருக்கறதுக்காக கம்பெனி ஊத்துறது, ஆனா எங்களால உள்ள கை வைக்க முடியாது. கம்பெனியில கேட்டா அந்த மாடலுக்கு போர்டு நின்னுபோச்சுன்னுட்டாங்க. மோட்டார் நல்லா இருக்கு, தொட்டி நல்லா இருக்கு, ஒரு போர்டுக்காக முழு மெசினும் எடைக்குப் போச்சு. அந்த வீட்டு அம்மா அதைப் பாத்துக்கிட்டே நின்ன முகம் எனக்கு இன்னும் மறக்கல. இடி மின்னல் அடிக்கிற ஐப்பசி கார்த்திகையில எனக்கு வர்ற போன்ல பாதி இந்த போர்டு சமாச்சாரம்தான். ஃப்ரன்ட் லோட்ல இன்னொரு சங்கடம், பல மாடல்ல வெளித் தொட்டியை ரெண்டா செஞ்சு உருக்கி ஒட்டிர்றாங்க, சின்னதா ஒரு பேரிங் போனாக்கூட தொட்டியோட சேத்து மாத்தச் சொல்றாங்க.

இது நம்ம ஊர்ல மட்டும் உள்ள பிரச்சனை இல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துல 2021 மார்ச்ல இருந்து ஒரு விதி, ஒரு மாடல் வாஷிங் மெசின் விக்கறதை நிறுத்துன பிறகும் 10 வருசத்துக்கு முக்கியமான ஸ்பேர் கெடைக்கணும்னு. இங்கயும் மத்திய நுகர்வோர் துறை 2022ல ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் தொறந்துச்சு, எந்த கம்பெனி ஸ்பேருக்கும் சர்வீஸுக்கும் என்ன வழி வச்சிருக்குன்னு பாக்கலாம். எதை வாங்குனாலும் அதைப் பாத்துட்டு வாங்குங்க.

அப்புறம் தண்ணி. உங்க வீடு நடுவுல முற்றம் வச்ச பழைய வளவு வீடா இருந்தா மேல ஓடு, அதுல டேங்க் ஏத்த முடியாதுன்னு பின்கட்டுல ஒரு ஸ்டாண்டு போட்டு டேங்க் வச்சிருப்பீங்க. ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெசினுக்கு தண்ணி வேகமா வந்தாகணும், 10 மீட்டர் ஒசரத்துல இருந்து எறங்குற தண்ணிக்கு 1 பார் அழுத்தம், நெறைய மெசின் கொறைஞ்சது 0.3 பார், சிலது 0.5 பார்கூட கேக்கும், அதாவது குழாயில இருந்து டேங்க் தண்ணி 3 ல இருந்து 5 மீட்டர் மேல இருக்கணும். இல்லாட்டி தண்ணி சொட்டு சொட்டா வரும், மெசின் காத்திருந்து பாத்துட்டு எரர் காட்டி நின்னுரும், அப்புறம் தனியா பம்பு வைக்கணும். ஆத்தாவோட மெசினுக்கு ஒரு வாளித் தண்ணி போதும். மழை நாள்ல முற்றத்துல விழுகிற ஓட்டுத் தண்ணியை அண்டா வச்சுப் பிடிச்சு அப்படியே ஊத்தித் துவைக்கலாம், போர் தண்ணியில நுரை வராத பவுடர் மழைத் தண்ணியில எப்படிப் பொங்குதுன்னு ஆத்தாகிட்ட கேளுங்க, துணியும் மெத்துனு வரும். ஃப்ரன்ட் லோட் மெசின்ல வாளியை வச்சுத் துவைக்கறது நடக்கற காரியம் இல்ல. உப்புத் தண்ணி அந்த மெசினோட இன்லெட் ஜல்லடையை அடைக்கும், ஹீட்டர்ல சுண்ணாம்பு மாதிரி படியும்.

ஆனா ஒரு விசயத்தை ஒத்துக்கிட்டே ஆகணும். ஃப்ரன்ட் லோட் தண்ணி கம்மியாத்தான் குடிக்கும், ஒரு முழுத் துவைப்புக்கு 50, 60 லிட்டர்ல முடிச்சிரும், நம்ம மெசினுக்கு ஒரு தடவை தொட்டி ரொப்பவே 40 லிட்டர் கிட்ட ஆகும், அலச இன்னும் ரெண்டு தடவை. துணி தேய்மானமும் அதுல கம்மி, வெந்நீர்ல துவைக்கும், கைக்குழந்தை இருக்க வீட்டுக்கு நானே அதைத்தான் சொல்றேன். நம்ம ஆளுங்க இதை சரிக்கட்டுறது எப்படின்னா, மொதல்ல வெள்ளை வேட்டி துண்டு, அதே சோப்புத் தண்ணியில சாயம் போகாத கலர் துணி, கடைசியில கால்மிதி, அலசுன தண்ணி வாழைக்கும் தென்னைக்கும். ஆத்தா இப்படித்தான் செய்வாங்கன்னு நான் கண்ண மூடிச் சொல்வேன்.

சேலைக்கும் இதுதான் வசதி. கண்டாங்கி மாதிரி காட்டன் சேலையை மொத ரெண்டு மூணு தடவை தனியா கையிலதான் அலசணும், சாயம் எறங்கும், அது வேற கதை. பழகுன சேலையை ரெண்டு நிமிசம் மட்டும் சுத்த விட்டு, மூடியைத் தொறந்து பாத்து, போதும்னா எடுத்துரலாம். நடுவுல விட்டுப்போன ஒரு ஜாக்கெட்டைப் போடலாம். ஃப்ரன்ட் லோட்ல ஆரம்பிச்சா அது சொல்ற நேரம் வரைக்கும் கதவு பூட்டிக் கெடக்கும், நடுவுல நிறுத்துற பட்டனை அமுக்குனாலும் பல மெசின்ல உடனே தொறக்காது.

நீங்க ஆத்தாகிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். துவைக்கிற தொட்டியில இருந்து ஈரத் துணியை அள்ளி ஸ்பின் தொட்டியில போடும்போது இடுப்பு வலிக்குதா, தோள்பட்டை வலிக்குதா? பெட்ஷீட் ஈரத்தோட நல்ல கனம் இருக்கும். வலிச்சா என் பேச்சை விட்ருங்க, அவங்க ஒடம்புதான் முக்கியம், டேங்க் ஒசரத்தைப் பாத்துட்டு ஒரு டாப் லோட் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாங்குங்க, குனியாம துணி போடலாம், திருப்புற நாப் வச்சதா பாத்து வாங்குங்க. கூட ஸ்டெபிலைசரும் வைங்க. இடி இடிச்சா பிளக்கைப் புடுங்கச் சொல்லுங்க. வலி இல்லன்னா பழசே இருக்கட்டும்.

பழசை வச்சுக்கறதுன்னா ரெண்டு எடத்துல நான் கறாரா இருப்பேன். ஒண்ணு எர்த். பழைய வீட்ல தேக்குக் கட்டை பட்டியில ஓடுற ஒயரிங்ல பாதி எடத்துல எர்த்தே இருக்காது, ஈரக் கையோட மெசினைத் தொட்டா சுர்ருங்கும், அதை சும்மா விடக்கூடாது. நல்ல எலக்ட்ரீசியனை வச்சு அந்த ஒரு பாயிண்டுக்காச்சும் எர்த் இழுத்து, கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்துற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒண்ணு போட்ருங்க. ரெண்டாவது ஸ்பின் பிரேக். மூடியைத் தூக்குனதும் கரண்ட் நிக்கணும், உள்தொட்டி பத்துப் பதினஞ்சு செகண்டுக்குள்ள நிக்கணும். ஓடிக்கிட்டே இருந்தா பிரேக் ஒயரோ லைனரோ போயிருக்கு, மாத்தாம ஒரு துணிகூடப் போடக்கூடாது, நிமிசத்துக்கு 1300 சுத்துக்கு மேல ஓடுற தொட்டிக்குள்ள சேலை முந்தானையோ கையோ மாட்டுனா அவ்வளவுதான்.

அடித்தகடு துருப்பிடிச்சு ஓட்டையாகி மோட்டார் தொங்குதா, கியர்பாக்ஸ்ல இருந்து எண்ணெய் ஒழுகுதா, தொட்டி விரிஞ்சிருக்கா, இதுல ஒண்ணு இருந்தாலும் செலவு பண்ண வேண்டாம். அப்பவும் புது செமி ஆட்டோமேட்டிக்கே வாங்குங்க, அதே முறுக்குற டைமரோட இன்னும் எல்லாக் கடையிலயும் விக்குது, அடித்தகடு பிளாஸ்டிக்கா, மோட்டார் வைண்டிங் செம்புதானான்னு கேட்டு வாங்குங்க. துருன்னா ஈரமும் காத்தும் இரும்பும் சேந்து நடத்துற வேலை, நம்ம ஊர் சிக்ரியில, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, அதைத் தடுக்கறதுக்குன்னே ஒரு பிரிவு வச்சு ஆராய்ச்சி பண்றாங்க. வீட்ல நாம செய்ய வேண்டியது துவைச்சு முடிச்சதும் ரெண்டு மூடியையும் தொறந்து போட்டு காய விடுறது, மெசினை தரையில வைக்காம ஒரு ஸ்டாண்டு மேல வைக்கிறது.

தரைன்னதும் ஞாபகம் வருது, ஆத்தங்குடி கல்லு போட்ட எடத்துல மெசின் இருந்தா வடிகுழாயை நேரா சாக்கடையில விடுங்க. உப்பு படிஞ்ச தொட்டியைக் கழுவுறேன்னு ஆசிட் ஊத்தி அந்தத் தண்ணி தரையில ஓடுனா போச்சு, அது சிமெண்டுக் கல்லு, ஆசிட் மேல் பூச்சை அரிச்சுரும், கண்ணாடி மேல வார்த்த அந்தப் பளபளப்பு திரும்ப வராது.

மெக்கானிக் வரும்போது, கன்டென்சர் பாருங்க, பெல்ட் பாருங்க, தட்டைக் கழட்டி அடியில சுத்தம் பண்ணுங்க, ஸ்பின் பிரேக்கையும் செக் பண்ணுங்கன்னு நீங்களே போன்ல சொல்லிருங்க. கழட்டுன பழைய சாமானை ஆத்தாகிட்ட குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. அதே கையோட ஒரு துவைக்கிற டைமரும் ஒரு பெல்ட்டும் கூடுதலா வாங்கி ஈரம் படாத அலமாரியில வச்சிருங்க. ரிப்பேர் முடிஞ்சதும் மொதல்ல துணி போடாம பாதித் தொட்டி தண்ணியில அஞ்சு நிமிசம் ஓட விட்டு, ரெண்டு பக்கமும் மாறி மாறி சுத்துதா, அடியில சொட்டுதான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் காசைக் குடுக்கச் சொல்லுங்க.