பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடு

கண்ணு, உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தொண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பிப் போய் கிழக்கு லண்டனில் நர்ஸ் வேலையில் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது, இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது, அம்மாவிடம் பேசிவிட்டு போனை வைத்ததும் அழுகை வருகிறது, ஊரில் தேர்தல் வருகிறதே ஓட்டுப் போட முடியுமா, 'இந்த ஊர் எப்போ ஆன்ட்டி பழகும், இல்ல ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துடட்டுமா' என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிட நீ சின்னவள்.

நான் ராயபுரம், கல்மண்டபம் பக்கம். 1988 நவம்பரில் கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமுக்குப் போனேன், அன்றைக்கு எனக்கு 29 வயசு. இப்போது வருஷா வருஷம் ஜனவரியில் வந்து மார்ச் வரை தங்கச்சி வீட்டில் இருக்கிறேன், இதையும் அவள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கீழே மீன்காரம்மா வந்து கூவிக்கொண்டிருக்கிறார், சங்கரா இருக்கிறதாம்.

அந்த 'ரெண்டு வருஷம்' என்கிற வார்த்தையைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் நானும் அதையே சொன்னேன். ரெண்டு வருஷம் சம்பாதித்துவிட்டு வந்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரும் நானும் பேசிக்கொண்டுதான் போனோம். ஊரிலிருந்து கொண்டுபோன பெரிய பெட்டியை நான் பிரித்து அடுக்கவே இல்லை, திரும்பிப் போகும்போது கட்டிக்கொள்ள மூன்று பட்டுப்புடவை அதில் அப்படியே இருந்தது, பெட்டி கட்டிலுக்கு அடியில். பன்னிரண்டு வருஷம், கண்ணு. ஜன்னலுக்கு நல்ல திரைச்சீலை வாங்கவில்லை, கிரைண்டர் வாங்கவில்லை, எதிர் வீட்டுக்காரர் பேர் தெரியாது, எதற்கு, நாமதான் போகப் போறோமே என்று. கடைசியில் ஒருநாள் திறந்தபோது ஒரு புடவை மடிப்பிலேயே இற்றுப் போயிருந்தது. என் கல்யாணப் புடவை அது.

புடவை போனது கூடப் பரவாயில்லை. என் பையனைப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பு வராத பிள்ளைகள் குழுவில் உட்கார வைத்தார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறான் என்கிற ஒரே காரணத்துக்காக. அவன் வீட்டில் ஆங்கிலப் புத்தகத்தை எனக்கே படித்துக் காட்டுவான். எனக்குத் தெரியும், இருந்தும் போய்க் கேட்கவில்லை. நாம வந்தவங்க, ரெண்டு வருஷத்துல போகப் போறவங்க, நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் கோட்டை மாட்டிக்கொண்டு 'வாங்கோ, போய்க் கதைப்பம்' என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பத்து நிமிஷப் பேச்சு, அடுத்த வாரமே பையனை மாற்றினார்கள். அந்தப் பத்து நிமிஷத்தை நான் இரண்டு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன். அவனுக்கு இப்போது நாற்பது ஆகப் போகிறது, இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த அக்காவோடு பழகின பிறகுதான் என் ஏக்கத்தின் அளவே எனக்குப் புரிந்தது. எனக்கு ஊருக்கு வர டிக்கெட் காசுதான் தடை. அவருக்கு அவருடைய அம்மா இறந்தபோது ஊருக்குப் போவதற்கு வழியே இல்லை.

சரி, மாவுக்கு வருகிறேன். அதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதே அக்காதான். முதல் குளிர்காலம் முழுக்க என் மாவு சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும், இட்லி கல்லாக வரும். அந்தக் காலத்து வீடுகளில் வெந்நீர்த் தொட்டி வைத்த ஒரு சின்ன அலமாரி இருக்கும், துண்டு, போர்வையெல்லாம் அதில்தான் காய வைப்போம். பாத்திரத்தை அதற்குள் வை என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஓரமாக வழிந்து வெள்ளைத் துண்டின் மேல் இறங்கியிருக்கிறது, அந்தப் புளிப்பு வாசனை அப்படியே எங்கள் அம்மா அடுப்படி. வெளியே பனி, நான் அந்த அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். இப்போதைய ஃபிளாட்டுகளில் அந்த அலமாரி கிடையாது, நீ ஓவனில் விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை உள்ளே வை, சூட்டைப் போட்டுவிடாதே. உளுந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வை, மாவைக் கெட்டியாக அரை, கரண்டியால் கலக்காமல் கையால் பிசைந்து கலக்கு. ஊரில் எட்டு மணி நேரம் என்றால் அங்கே ஜனவரியில் பதினாறு, பதினெட்டு மணி நேரம் ஆகும், அவசரப்படாதே. நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது வைத்துவிட்டுப் போனால், காலையில் வந்து தூங்கி மதியம் எழும்போது தயாராக இருக்கும்.

மீன் விஷயத்திலும் பெட்டி கதைதான். ஈஸ்ட்ஹாம் கடைகளில் ஐஸில் உறைந்த வஞ்சிரம் கிடைக்கிறது, அதைத்தான் நான் வருஷக்கணக்கில் காசைக் கொட்டி வாங்கினேன், சப்பென்று இருக்கும். அந்த ஊர்க் கடலில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. அங்கே மேக்ரல் என்று விற்பது நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தக்கார மீன், விலையும் குறைவு, புளி தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்து மறுநாள் சாப்பிட்டுப் பார். ஒயிட்பெய்ட் என்று பொடி மீன் வரும், நெத்திலிக்குப் போடுகிற அதே மசாலாவில் முழுசாக வறுத்துவிடலாம். கொடுவா வேண்டுமென்றால் சீபாஸ். ஒரு லீவு நாளில், செவ்வாயிலிருந்து சனிக்குள், கேனரி வார்ஃப் பக்கம் பில்லிங்ஸ்கேட் மார்க்கெட்டுக்கு விடிகாலை ஐந்தரை மணிக்குப் போ. ஈரத் தரை, செதில், சத்தம், பெட்டி பெட்டியாக மீன், காசிமேட்டு மீன் துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வாசனையில் கால் தானாக நடக்கும்.

அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ் மட்டும் கேட்காதே, அதற்கு அங்கே ஈடு கிடையாது, ஊருக்கு வரும்போது பர்மா பஜாரில் நின்று சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அத்தோவே எப்படி வந்தது என்று யோசித்துப் பார். 1960களில் பர்மாவில் கடை, தொழிலையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்த தமிழர்கள் வியாசர்பாடியிலும் மற்ற இடங்களிலும் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே சாப்பிட்டதை இங்கே கிடைத்த சாமானை வைத்துச் செய்தார்கள், இன்றைக்கு அது வடசென்னைச் சாப்பாடு. என்றைக்காவது ரங்கூனுக்குத் திரும்புவோம் என்று அவர்கள் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தால் நமக்கு அத்தோவும் இல்லை, மொய்ங்கா என்கிற அந்த நூடுல்ஸ் சூப்பும் இல்லை.

இப்போது ஓட்டு. இதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப ஆசை, ஏனென்றால் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ இந்தியப் பிரஜையாகவே இருந்தும் லண்டனில் ஓட்டுப் போடலாம். காமன்வெல்த் நாட்டுப் பிரஜை முறையான விசாவில் அங்கே குடியிருந்தால் கவுன்சில் என்கிற உள்ளாட்சித் தேர்தலிலும் ஓட்டு உண்டு, பாராளுமன்றத் தேர்தலிலும் உண்டு, அந்த ஊர்க் குடியுரிமை வாங்கக் காத்திருக்க வேண்டாம். ஒன்பது வருஷம் எனக்கு இது தெரியாது. 1997 இல் துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்த ஒரு பெரியவர் வாசலில் நின்று சொன்னார், நான் நம்பாமல் என் இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டி, இதற்கா என்று கேட்டேன். அந்த வருஷம் மே 1 ஆம் தேதி என் முதல் ஓட்டைப் போட்டேன். ஒரு சர்ச் ஹால், வரிசை கிடையாது, பூத் ஏஜென்ட் சத்தம் கிடையாது, விரலில் மை கிடையாது. ஒரு காகிதம், நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடங்கிய கூட்டத்தில் 19 வயசுப் பையனாக மழையில் நனைந்துகொண்டு நின்றவர், சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1918 இல் பின்னி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்த மண் நம்முடையது. கட்சி எதுவாகவும் இருக்கட்டும், நம் வீடுகளில் அரசியல் என்பது தண்ணி லாரி வருமா, சாக்கடை அள்ளுவார்களா, எண்ணூர்ச் சாம்பல் ஆற்றில் கலக்கிறதா என்பதுதானே. அங்கேயும் அதேதான். குப்பை, நூலகம், நீ வாடகைக்கு இருக்கிற அறைச் சுவரில் பூஞ்சை பிடித்தால் யாரிடம் புகார் சொல்வது, எல்லாம் கவுன்சில். 2026 மே 7 ஆம் தேதி லண்டனில் கவுன்சில் தேர்தல். வேலையில் சேர்ந்தவர்களுக்கு அந்த ஊர் அரசாங்கம் தருகிற நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் வந்திருந்தால் ஆன்லைனில் ஐந்து நிமிஷத்தில் பெயரைச் சேர்க்கலாம், தேர்தலுக்கு 12 வேலை நாளுக்கு முன்னால் முடித்துவிடு. போகும்போது போட்டோ உள்ள அடையாளம் கேட்பார்கள், 2023 முதல் அது கட்டாயம், உன் இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். 2024 இல் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் உமா குமரன் என்கிற ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண் ஜெயித்துப் பாராளுமன்றம் போயிருக்கிறார், நீ இருக்கிற இடத்திலிருந்து பஸ் தூரம்தான்.

ஊர் ஓட்டுக்கும் வழி உண்டு, கஷ்டமான வழி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற வெளிநாடுவாழ் இந்தியர்கள் படிவம் 6ஏ கொடுத்துப் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரித் தொகுதியில் பெயர் சேர்க்கலாம், 2011 முதல் இருக்கிறது. ஆனால் தபால் ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து நின்றால்தான் ஓட்டு. ஆர்.கே. நகர்க்காரியான உனக்கு ஓட்டின் விலை தெரியும், காசு புகுந்ததால் 2017 இல் தேர்தலையே ரத்து செய்த தொகுதி அது. லீவு கிடைத்தால் வந்து போடு. நான் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டேன், இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இந்தியா தருகிற ஓசிஐ அட்டைக்கு ஓட்டுரிமை கிடையாது. போன தடவை தேர்தல் சமயத்தில் வந்திருந்தபோது தங்கச்சியோடு மாநகராட்சிப் பள்ளி கேட் வரை போய் வெளியே நின்றேன். அவள் மை வைத்த விரலை என்னிடம் காட்டினாள். அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். நீ ஒருநாள் குடியுரிமை வாங்குவதைப் பற்றி யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசி.

அம்மா விஷயம். போனில் நீ நல்லா இருக்கேன் என்கிறாய், அவர்களும் நல்லா இருக்கோம் என்கிறார்கள், இரண்டு பக்கமும் மறைக்கிறீர்கள். 1994 இல் எங்கள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் மூன்று மாசம் படுக்கையில் இருந்தார், நான் பயந்துவிடுவேன் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, நீல ஏரோகிராம் கடிதத்தில் எல்லோரும் நலம் என்று வந்துகொண்டே இருந்தது. தகவல் வந்து நான் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், ஊரில் ஒரு ஆளைப் பிடி. கூடப்பிறந்தவர்கள் வேண்டாம், அவர்கள் மறைப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ, மெடிக்கல் ஷாப்காரரோ, உள்ளதை உள்ளபடி உனக்குச் சொல்கிற ஒருத்தர், மாசத்துக்கு ஒரு தடவை. அம்மாவிடம் நீயும் சின்னச் சின்ன உண்மையைச் சொல். இன்றைக்கு வார்டில் கால் கடுத்தது, பால் திரிந்துவிட்டது என்று சொல். வீடியோவில் போனை அடுப்புப் பக்கம் திருப்பி வைத்து, இதுல அடுத்து என்னம்மா போடணும் என்று கேள். என் அம்மாவுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை, அப்போது கால் கார்டில் நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அங்கே தமிழ்க் கூட்டங்களில் மெட்ராஸில் எங்கே என்று கேட்பார்கள், தொண்டையார்பேட்டை என்றால் சிலர் முகம் மாறும். நீ நிமிர்ந்து சொல். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது, 2024 இல் அமெரிக்காவில் கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் வடசென்னைப் பிள்ளை.

திரும்பி வருவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்யாதே. வரலாம், தப்பே இல்லை. ஆனால் இருக்கிற வரைக்கும் அங்கே முழுசாக இரு, முதலில் பெட்டியைப் பிரித்து அடுக்கு, நல்ல திரைச்சீலை ஒன்று வாங்கி மாட்டு.

நான் மார்ச் கடைசியில் கிளம்புகிறேன். வீட்டு முகவரியை அனுப்பு, இங்கிருந்து பத்து நிமிஷம்தான், நானே போய் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். நெத்திலிக் கருவாடு கொடுத்தால் வாங்கி வருகிறேன், அதற்குத் தடை இல்லை, நன்றாகக் கட்டிக் கொடுக்கச் சொல். நெய், பால்கோவா மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, பால் சாமானை அங்கே விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், அம்மா மனசு கஷ்டப்படும்.